ஒரு தரம் மட்டும் கேட்கிற அன்ரி

எங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் கதை முழங்காலில் தொடங்கிப் பிரஷர் குளிசையில் முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலும் அதுதான் நடந்தது. சரி, முழங்காலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஜேர்மனியில், இந்த எசன் நகரத்தில் என்னோடு சேர்ந்து வளர்ந்தவர்களே, பொலிவியா அன்ரியை நினைவிருக்கிறதா? கட்டையான ஆள், இரட்டைப் பின்னல், கோயில் மண்டபத்துக் கதிரைகளைத் தனியாளாக இழுத்து வட்டமாகப் போடுவாரே, அவர்தான். அவருடைய குரலுக்குப் பயந்து நாங்கள் படிக்கட்டில் ஒளிந்து நின்றிருக்கிறோம். அவரைப் பற்றி ஒரு கோடைகாலத்துக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அம்மா என்னை விடமாட்டார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நாங்கள் ஜேர்மனிக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. மேல்மாடியில் ஓர் அறையும் ஒரு குசினியும் எங்கள் வீடு. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா விடிய எழும்பிப் போய் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தரை துடைத்தார். வேலை முடிந்து ஓடிவந்து எனக்குத் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவார். அந்தக் கைகளில் எலுமிச்சை மணக்கும். நல்ல எலுமிச்சை இல்லை, தரை கழுவுகிற மருந்தின் எலுமிச்சை. தேங்காயெண்ணெய் பூசினாலும் போகாது. இன்றைக்கும் எங்காவது கழிப்பறையில் அந்த மணம் வந்தால் என் தலை தானாக ஒரு பக்கம் சரிகிறது, அம்மா சீப்போடு நிற்கிறார் என்று.

அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மன்னாரிலிருந்து வள்ளத்தில் கடல் கடந்தபோது நான் கைக்குழந்தை, எனக்குக் கடுங்காய்ச்சல், உடம்பு முறுக்கியிருக்கிறது. மருந்தும் இல்லை, கரையும் தெரியவில்லை. "தாயே, இந்தப் பிள்ளையை எனக்குத் தா, உன்னை என்ர தோளிலை தூக்கிறன்" என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துவிட்டார். பிள்ளை பிழைத்துவிட்டது. நேர்ந்த அவசரத்தில் அம்மா ஒன்றை மறந்துவிட்டார்: எங்கள் ஊர்த் திருநாளில் மாதா சுரூபம் வைத்த கூட்டை ஆண்கள்தான் தூக்குவார்கள். பெண்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போவார்கள். "நான் உனக்குப் பதிலாத் தூக்கிறன், அவவுக்கு எல்லாம் விளங்கும்" என்று அப்பா எத்தனையோ தரம் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "நேர்ந்தது உங்கட தோளை இல்லை" என்பார். 

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் ஆட்களின் மறுக்கிற பழக்கம். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டால் தொண்டை வறண்டு கிடந்தாலும் "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்போம். "சும்மா குடியுங்கோ" என்று வீட்டுக்காரர் சொல்லவேண்டும். "ஏன் உங்களுக்குக் கரைச்சல்" என்று நாங்கள் சொல்லவேண்டும். மூன்றாம் தரம் கேட்டபிறகுதான் "அப்ப அரைக் கோப்பை தாங்கோ." முதல் தரமே ஓம், தாங்கோ என்றால் கண்டறியாததுகள், தீனிக்கு அலைகிறதுகள் என்று நினைப்பார்கள். உங்கள் வீட்டிலும் இதுதானே நடந்தது? சும்மா தலையாட்டாதீர்கள், எனக்குத் தெரியும்.

வந்த புதிதில் கீழ்வீட்டு ஜேர்மன் மூதாட்டி எங்களைக் கூப்பிட்டு மேசையில் செர்ரிப்பழக் கேக் வைத்தார். மேலே வெள்ளை கிறீம், அதற்கு மேலே சொக்லேற் துருவல். "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். அம்மா அழகாகச் சிரித்து "நைன், டங்க", அதாவது வேண்டாம், நன்றி, என்றார். அந்த மனுசி தலையை ஆட்டிவிட்டுக் கேக்கைத் தூக்கித் திரும்ப ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார்! அந்தக் கதவு மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. படியேறும்போது நான் விக்கி விக்கி அழுதேன். "என்ன சனமடி இது, ஒருக்கா வற்புறுத்தத் தெரியாதே?" என்று அம்மாவும் வயிறெரிந்தார்.

இனிப் பொலிவியா அன்ரியிடம் வருகிறேன். அம்மா வேலை செய்த குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. பொலிவியா, பெரு, கொலம்பியா, சிலி என்று தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். அதைத் தொடக்கியவரும் அவர்தான். ஒரு நாள் வேலை முடிந்ததும் அம்மாவின் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "சனிக்கிழமை வா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அவர் பேசியது அரைகுறை டொச், அதுதான் ஜேர்மன் மொழி, அம்மா பேசியது அதைவிடக் குறை. இரண்டையும் நான் நல்ல தமிழாக்கித் தருகிறேன். மறுத்துப் பழகிய அம்மா, அன்றைக்கு மேலாளிடம் மறுக்கப் பயந்துதான் போனார்.

மண்டபத்தில் தரை மெழுகும் கோப்பியும் கலந்து மணக்கும். சோளமாவும் சீஸும் சேர்த்துச் சுட்ட பணியாரம் ஒரு துணிக்குள் சூடாக இருக்கும். கூட்டத்தில் ஒரே வழக்கம்தான். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லி, அந்தக் கிழமை தானாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். ஒருத்தி புருஷன் துணையில்லாமல் டாக்டரிடம் போய்வந்தேன் என்பாள். ஒருத்தி கார் ஓட்டப் பழகத் தொடங்கிவிட்டேன் என்பாள். மகனை மொக்கன் என்று சொன்ன வாத்தியாரிடம் போய்க் கதிரையில் உட்கார்ந்து நியாயம் கேட்டேன் என்று ஒருத்தி சொன்னபோது எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். குரல் தாழ்ந்தால் "லௌட்டர்! லௌட்டர்!" என்று கத்துவார்கள், உரத்துச் சொல் என்று. கூட்டத்தை நடத்துகிறவள் கிழமைக்குக் கிழமை மாறுவாள். மண்டபக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவள் கைக்குப் போகும். "ஒருத்தியே தலைவியாக இருந்தால் மற்றவர்களுக்கு நித்திரை வந்துவிடும்" என்பது அன்ரியின் கட்சி.

எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். "உது கூட்டமோ, அடிபிடியோ?" என்று என்னைக் கேட்டார். அம்மா முதல் நாள் தன் பெயரைச் சொன்னது எனக்கே கேட்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாலைந்து "லௌட்டர்" வாங்கியபிறகு சொன்னார். அந்தப் பெயரை அவ்வளவு உரத்து அம்மாவின் வாயால் நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை.

அந்தக் கோயிலில் மரத்தில் செதுக்கிய பாரமான மாதா சுரூபம் ஒன்று இருந்தது. திருநாளில் அதைக் கூட்டில் வைத்துத் தெருச் சுற்றிவருவார்கள். தூக்குகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பெண்கள்தான்! அவர்கள் ஊரில் பெண்களும் தோள் கொடுப்பார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. தரை துடைக்கும்போதுகூடப் பாடினார் என்று அன்ரி பிறகு சொன்னார். அந்த வருடம் எங்கள் தமிழ்ப் பூசையும் அதே கோயிலுக்கு வந்திருந்ததால் திருநாளை எல்லோரும் சேர்ந்து கொண்டாடுவதாக ஏற்பாடு.

திருநாளுக்குச் சில கிழமை முந்தி அன்ரி வட்டத்தின் நடுவில் வந்து நின்றார். "எட்டுப் பேர் வேண்டும். இரண்டு பேர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள்" என்றார். நேரே அம்மாவிடம் வந்தார். "நீ தூக்குகிறாயா?"

அம்மாவின் கை தன்னையறியாமல் வலது தோளுக்குப் போனது. முகமெல்லாம் வெளிச்சம். அதே முகத்தோடு, "நைன், நைன். வேற ஆக்கள் இருக்கினம்தானே, அவையைக் கேளுங்கோ" என்று டொச் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தார்.

அன்ரி "நல்லது" என்றார். அடுத்த கதிரையில் இருந்த சிலி நாட்டு அக்காவைக் கேட்டார். அவர் யா என்றார், ஓம் என்று. அதற்கடுத்தவரும் யா என்றார். முடிந்தது. அம்மா அதே சிரிப்போடு இருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் சட்டி பானை பறந்தது.

"இஞ்சை, ஏன் சட்டியோட சண்டை?" என்றார் அப்பா.

"தூக்கிறியோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"வேண்டாம் எண்டனான்."

"பிறகேன் அழுகிறாய்?"

"ஒருக்காத்தானே கேட்டவ!"

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். "விடு, நல்லதாப் போச்சு. பொம்பிளையள் தெருவிலை தூக்கிக்கொண்டு போக, சனம் என்ன கதைக்கும்" என்றார். அவர் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார், பாவம். 

அடுத்த சனிக்கிழமை அம்மா கூட்டத்துக்குப் போகவில்லை. தலையிடி என்றார். மறுநாள் மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் பொலிவியா அன்ரி. கோபத்தில் இருந்தாலும் வந்த ஆளை வெறும் வாயோடு அனுப்ப அம்மாவால் ஏலாது. உழுந்து ஊறித்தான் இருந்தது. வடை பொரிந்தது. அன்ரி ரசித்துச் சாப்பிட்டார். பிறகு "போதும்" என்றார். அம்மா இன்னொன்று வைத்தார். "வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது" என்றார். அம்மா சம்பலோடு இன்னொன்று வைத்தார். அன்ரி தட்டைப் பின்னால் இழுத்தார். அம்மா எட்டி வைத்தார். 

அன்ரி தட்டை மேசையில் அடித்து வைத்தார். "இல்லை என்று சொன்னேன்! எத்தனை தரம் சொல்வது? உனக்குக் காது கேட்கவில்லையா?"

 அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு, சொல் சொல்லாகத் தேடி, "எங்களிடம் முதல் வேண்டாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவதுதான் உண்மை" என்றார்.

அன்ரி வாயைத் திறந்தபடி பார்த்தார். "அப்படியென்றால் அன்றைக்கு வட்டத்தில் நீ சொன்னது?"

"முதலாவது."

அன்ரிக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கச் சிரித்தார். அது திடீரென்று நின்றது. "என் முதல் புருஷன் வீட்டில் நான் இல்லை என்று சொன்னால் ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர் வாங்கவில்லை, அவருடைய தாய் வாங்கவில்லை. எங்கள் வட்டத்தில் பாதிப்பேருக்கு இதே கதை. அதனால்தான் ஒருத்தி இல்லை என்றால் அதோடு சரி, திரும்பக் கேட்டு அவளை நெருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறோம்." அம்மா கதிரையில் இருந்தார். தானும் தன் கதையைச் சொன்னார், வள்ளம், காய்ச்சல், நேர்த்தி எல்லாம். சொல் வராத இடத்தில் என்னைக் கையால் காட்டினார். அன்ரி என்னை இழுத்து உச்சியில் முத்தம் தந்தார். வடை எண்ணெய் என் தலையில் பட்டது.

"கொலம்பியாக்காரிக்குக் கால் வீங்கிவிட்டது. ஓர் இடம் இருக்கிறது" என்றார். "ஆனால் உனக்காக என் வழக்கத்தை மாற்றமாட்டேன். ஒத்திகை நாளில் எல்லோருக்கும் முன்னால் கேட்பேன். ஒரு தரம்தான்."

பிறகு தொடங்கியது எங்கள் வீட்டுப் பயிற்சி. "பிள்ளை, என்னை ஏதும் கேள்" என்பார் அம்மா. நான் "தேத்தண்ணி வேணுமோ?" என்பேன். "வேண்டாம்… சீ! ஓம், ஓம்!" என்று தலையில் அடித்துக்கொள்வார். உடுப்புக் காயப்போடும்போது, ட்ராமில், வெங்காயம் உரிக்கும்போது எல்லாம் திடீர் திடீரென்று கேட்பேன். "அம்மா, இனிப்பு வேணுமோ?" "வேண்டாம் பிள்ளை, நீ சாப்பிடு." "அம்மா!" "ஐயோ, இது என்ன விசர் வாய், தானா வருதே!" எனக்குச் சரியான பம்பல், சிரித்துச் சிரித்து விழுவேன். ஆனால் ஒத்திகைக்குப் போகிற வழியில், ட்ராமில், "இருக்கிறியளோ அம்மா?" என்று ஓர் இடத்தைக் காட்டிக் கேட்டேன். "இல்லை, நான் நிக்கிறன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒத்திகைக்கு எங்கள் தமிழ்ச் சபைத் தலைவரும் ஆட்களோடு வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீட்டு அன்ட்ராக், அதுதான் அரசாங்க விண்ணப்பங்கள், எல்லாம் நிரப்பித் தந்தவர் அவர்தான். ஓர் இடம் குறைகிறது என்று கேள்விப்பட்டு, "ஆம்பிளையள் நாங்கள் இருக்கிறம், எங்கட ஒருத்தரை விடுறன்" என்று வாயெடுத்தார். அன்ரி அவரைக் கையால் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அப்பா கதவோரம் நின்றார். 

"நீ தூக்குகிறாயா?"

அம்மாவின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. தலை சரிந்தது. உதடு "நை…" என்று கூடத் தொடங்கிவிட்டது. நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

"ஓம்!"

தமிழில்தான் வந்தது. ஆனால் ஒருவரும் லௌட்டர் சொல்லத் தேவைப்படவில்லை, மண்டபம் எதிரொலித்தது. தென்னமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"தங்கச்சி," என்றார் சபைத் தலைவர், உண்மையான அக்கறையோடு. "சரியான பாரம். ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்கோ. தூக்குவியளோ?"

"அண்ணை, நான் ஒருக்காச் சொல்லிப்போட்டன்" என்றார் அம்மா.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காதெல்லாம் சிவந்திருந்தது. அவமானத்தில் என்று நினைத்துவிட்டேன். தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்க ஏலாமல் திரும்பினாராம். பல வருடம் கழித்து அப்பாவே சொன்னார்.

சேலையோடு எப்படித் தூக்குவது என்பது அடுத்த பிரச்சினை. முந்தானை இடது தோளில் வரும், கூட்டின் தண்டு அங்கே இருந்தால் வழுக்கும். அன்ரி அம்மாவைக் கூட்டின் இடப்பக்கம் நிறுத்தி வலது தோளைக் கேட்டார். திருநாள் காலையில் அப்பா ஒரு சின்ன மெத்தையை அம்மாவின் கையில் வைத்தார். கறுப்புத் துணியில், கோணல் மாணலாகத் தைத்தது. தோளுக்கு வைக்கவாம். பிறகுதான் பார்த்தேன், அப்பாவின் ஒரேயொரு நல்ல கோட்டின் வலது தோள் சரிந்து தொங்கியது. உள்ளே இருந்த பஞ்சை வெட்டி எடுத்திருக்கிறார்! அந்தக் கோலத்தோடு, அம்மாவின் கைப்பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கக் கூட்டின் பக்கத்திலேயே நடந்தார்.

தூறல் போட்டது. எங்கள் சனம் பின்னால் மரியே வாழ்க பாடியது. அந்தப் பெண்கள் நேராக நடக்கமாட்டார்கள், ஓரடிக்கு ஒரு தரம் இடமும் வலமுமாக மெல்ல அசைந்து போவார்கள். அம்மாவும் அசைந்தார். தண்டின் கீழே அவருடைய முகம் நனைந்திருந்தது, மழையா வேறா என்று தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணைச் சிமிட்டினார். அம்மாவுக்குக் கண் சிமிட்டத் தெரியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அந்த மெத்தை வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துபோனது. கிடைத்தால் என்ன வேண்டுமென்றாலும் தருவேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அம்மா எங்கள் பெண்களுக்கு ஒரு வட்டம் தொடங்கினார். முதல் வருடம் யாரையும் மூன்று தரம் கேட்டார். அடுத்த வருடம் இரண்டு தரம். அதற்குப் பிறகு ஒரு தரம். "விசர் மனிசி" என்று உங்கள் அம்மாமார் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று திட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களுக்குத் தலைவியாக இருந்தார், இன்னொருவர் கோயில் சபையில் பேசினால் பங்குத் தந்தையே பேனையைக் கீழே வைப்பார். யாருடைய அம்மாமார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

போன ஞாயிறு, கோயில் வாசலில் உங்களோடு முழங்கால் கதை கதைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பாவின் படத்துக்குக் கீழே அம்மாவும் பொலிவியா அன்ரியும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். அன்ரியின் பின்னல் இப்போது பஞ்சு வெள்ளை, தள்ளுவண்டி இல்லாமல் நடக்கமாட்டார். எங்கள் வீட்டில் இத்தனை வருடம் சாப்பிட்டுச் சாப்பிட்டு, இப்போது அவர்தான் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பிள்ளை," என்றார் அம்மா. "இந்த முறை திருநாளுக்கு ஓராள் குறையுது. நீ தூக்கிறியோ?"

"ஐயோ அம்மா, என்ர முழங்காலோட? வேண்டாம், வேற ஆரையும் கேளுங்கோ."

"சரி" என்றார் அம்மா. பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்தார்.

நான் நின்றேன். அம்மா தின்று முடித்தார். அன்ரி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

"அம்மா."

"என்ன?"

"இன்னொருக்காக் கேளுங்கோவன்."

"ஏன்? நீதானே சொல்லிப்போட்டாய்."

அவர் கேட்கமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வள்ளம் எனக்கு நினைவில்லை, காய்ச்சலும் நினைவில்லை. தண்டின் கீழே நனைந்திருந்த முகம்தான் நினைவிருக்கிறது.

"ஓம்!" என்றேன். ஒருவரும் கேட்காமலே, குசினி வரை கேட்கிற மாதிரி.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் தோள்?" என்றார்.